தட்டை எடுக்காத பையனும் நற்பண்பு வகுப்பும்

சூரமங்கலத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பையன் நாலாம் வகுப்பு, பெண் யு.கே.ஜி. மாமியார் கூடவே இருக்கிறார். பையனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நற்பண்பு வகுப்புக்கு அனுப்புகிறார்கள். நேர்மை, பகிர்தல், பெரியோரை மதித்தல் என்று எதைக் கேட்டாலும் மளமளவென்று ஒப்பிக்கிறானாம். வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுக்க மாட்டேன் என்கிறான், ஒரு மாம்பழத் துண்டுக்குத் தங்கையோடு மல்லுக்கட்டுகிறான். மாலையில் பிள்ளைகளோடு கிடைப்பதே இரண்டு மணி நேரம். அதற்குள் நல்ல பழக்கங்களை எப்படிச் சொல்லித் தருவது என்பது கேள்வி.

இரண்டு மணி நேரம் தாராளம். சொல்லித் தருவதற்கென்று அதில் தனியாக ஐந்து நிமிஷம்கூட ஒதுக்க வேண்டாம்.

சேலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வெள்ளிப் பட்டறைக்காரர் பிள்ளை, தறிக்காரர் பிள்ளை, ரயில்வேக்காரர் பிள்ளை, கலெக்டர் ஆபீஸ் கிளார்க் பிள்ளை எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள். சொன்னதைச் செய்கிற பிள்ளை, விழுந்தவனைத் தூக்கிவிடுகிற பிள்ளை எந்த மாதிரி வீட்டிலிருந்து வருகிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். வசதியும் காரணமாகத் தெரியவில்லை, பெற்றோர் படிப்பும் காரணமாகத் தெரியவில்லை. பெரும்பாலும் அந்த வீட்டில் பிள்ளையை நம்பி ஒரு வேலை இருக்கும்.

நம்பி என்றால் நிஜமாகவே நம்பி. அவன் செய்யாமல் விட்டால் யாருக்காவது குறை தெரிய வேண்டும். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். குழாயில் தண்ணீர் விடும் நாள் வந்தால் கடைசி மணிக்கு முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பாள். “எங்க வீட்ல இன்னிக்கு தண்ணி முறை டீச்சர். கொடத்தயெல்லாம் வெளக்கி வரிசயா வெக்கறது என் வேல. நான் போகாட்டி ஒண்ணும் நடக்காது.” அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு அதிகாரி தோரணை இருக்கும் பாருங்கள், தலைமையாசிரியருக்குக்கூட அது வராது. குடம் தூக்கியது அவள் அப்பாவும் அம்மாவும்தான். வரிசை அவளுடையது. வகுப்பில் சாக்பீஸ் தீர்ந்தால் முதலில் கவனிப்பதும் அவள்தான். யாரும் அவளுக்குப் பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் பையனுக்குத் தட்டை எடுக்கச் சொல்கிறீர்கள். எடுக்காவிட்டால் என்ன ஆகிறது? நீங்கள் எடுக்கிறீர்கள். அதட்டல் மட்டும் மிச்சம். அதற்குப் பதில் இரவு உணவுக்கு எல்லோருக்கும் தட்டும் தண்ணீரும் வைப்பது அவன் வேலை என்று ஆக்கிவிடுங்கள். குக்கர் விசில் அடங்கிவிட்டது, தோசை வெந்துவிட்டது, தட்டு வரவில்லை. யாரும் எழுந்து போய் எடுக்கக் கூடாது. உங்கள் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள், முதலில் எழுந்து ஓடுவது அவராகத்தான் இருக்கும். அப்பா, ஆயா, தங்கச்சி எல்லோரும் உட்கார்ந்து காத்திருப்பதை அவன் பார்க்கட்டும். தோசை கொஞ்சம் ஆறினால் ஆறட்டும். நாலைந்து நாளில் தானாக வரும். சாப்பிட்ட தட்டைக் கழுவுவது அதன் பின்னால் மெல்ல வரும். ஆனால் அப்பா தன் தட்டை அப்படியே விட்டு எழுந்து போகிற வீட்டில் அது கடைசி வரைக்கும் வராது.

இதற்குக் காசு கொடுக்காதீர்கள். “தட்டு வெச்சா அஞ்சு ரூபா” என்று இப்போது பல வீடுகளில் நடக்கிறது. 2008-இல் ஜெர்மனி மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இருபது மாதக் குழந்தைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். கீழே விழுந்த பொருளை எடுத்துத் தரும் குழந்தைகளில் ஒரு பகுதிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பரிசு, ஒரு பகுதிக்குப் பாராட்டு, இன்னொரு பகுதிக்கு ஒன்றுமே இல்லை. பிறகு பரிசை நிறுத்தியபோது, பரிசு வாங்கிய குழந்தைகள்தான் குறைவாக உதவினார்கள். ஒன்றும் வாங்காத குழந்தைகள் வழக்கம்போல எடுத்துக் கொடுத்தார்கள். உதவும் ஆசை அந்த வயதில் தானாகவே இருக்கிறது. கூலி போட்டதும் அது வேலையாகிவிடுகிறது. பாக்கெட் மணி தர வேண்டுமானால் தாருங்கள், அதை வீட்டு வேலையோடு முடிச்சுப் போட வேண்டாம்.

இதைச் சொல்வது உங்கள் மகளுக்காகவும்தான். யு.கே.ஜி. படிக்கிற பிள்ளை “நானும் மாவு பெசையறேன், நானும் கூட்டறேன்” என்று காலைச் சுற்றி வருவாள். நமக்கு அவசரம், “போ கண்ணு, போய் வெளாடு” என்கிறோம். ஒன்பது வயதில் “ஒரு வேலையும் செய்ய மாட்டேங்கறான்” என்று புலம்புவது இந்தப் பிள்ளையைப் பற்றித்தான். பையனிடம் அந்த வயது தாண்டிவிட்டது, கொஞ்சம் பாடுபட வேண்டும். மகளிடம் அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. ஈர்க்குமாறைக் கொடுங்கள். குப்பை மூலைக்கு மூலை இருக்கத்தான் செய்யும். அவள் கண்ணெதிரே மறுபடி கூட்டாதீர்கள்.

அடுத்து கடைத்தெரு. உங்கள் பக்கத்திலேயே உழவர் சந்தை இருக்கிறது. ஞாயிறு காலை பையன் கையில் ஒரு மஞ்சப்பை, நூற்றைம்பது ரூபாய், மூன்றே பொருள்: அரைக் கிலோ தக்காளி, கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு கட்டுக் கீரை. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், அதை அவனே படிக்கட்டும், கணக்கை அவனே போடட்டும். நீங்கள் இரண்டு கடை தள்ளி நில்லுங்கள். தக்காளியை நகத்தால் அழுத்திப் பார்ப்பான். “அழுத்தாத சாமி, அப்புறம் அத யாரு வாங்குவா?” என்பார் கடைக்கார அம்மா. உங்களுக்கு நாக்கு நமநமவென்று வரும். “பாத்தியா, மத்தவங்க பொருள நாம...” என்று ஆரம்பித்தீர்களோ, அவ்வளவுதான், அந்த அம்மா சொன்னது அழிந்து உங்கள் குரல் மட்டும் நிற்கும். விளைவித்தவரே சொல்லிவிட்டார், நாம் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

எப்போதாவது மீதிச் சில்லறை பத்து ரூபாய் கூடுதலாக வரும். கூட்டத்தில் அவர்களுக்கும் தடுமாறும். அந்த நொடியில் பையன் சில்லறையைப் பார்க்க மாட்டான், உங்கள் முகத்தைப் பார்ப்பான். “போய்க் குடுத்துட்டு வா” என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். கொடுத்துவிட்டு வந்த பிறகு மெச்சித் தலையில் தூக்கி வைக்காதீர்கள், பிறந்தநாளுக்கு வரும் சித்தப்பாவிடமெல்லாம் சொல்லிக் காட்டாதீர்கள். நேர்மை என்பது விருது வாங்குகிற விஷயம் என்று அவனுக்குப் பதிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் நாலு தக்காளி நசுங்கியிருக்கும். அதே தக்காளியில் அன்றைக்கு ரசம் வையுங்கள்.

பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றேன். நாம் நல்லது செய்யும்போது மட்டும் பார்த்தால் பரவாயில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் காபி எந்த டம்ளரில் போகிறது? ஜன்னல் கட்டையில் தனியாக ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன, நன்றாகப் படித்தவர்கள் வீட்டில்தான். யாரும் பிள்ளையிடம் எதுவும் சொல்வதில்லை. ஒருநாள் அந்தப் பிள்ளை தெரியாமல் அந்த டம்ளரில் தண்ணீர் மோந்து குடிக்கும், “ஏய், அத எடுக்காத!” என்று ஒரு சத்தம் வரும். முடிந்தது பாடம். சாதியைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாராலும் ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தர முடியாது. அதே பிள்ளை ‘அனைவரும் சமம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கிவரும். உங்கள் வீட்டில் இப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால், எந்த வகுப்புக்கும் பணம் கட்டும் முன்னால் அந்த டம்ளரை உள்ளே எடுத்து வையுங்கள். வேலைக்கு வருபவரைப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானா, அக்கா என்கிறானா என்றும் பாருங்கள். நீங்கள் கூப்பிடுவதைத்தான் அவன் கூப்பிடுவான்.

கடன்காரர் போன் வந்தால் “அப்பா குளிக்கறாருன்னு சொல்லு” என்று பிள்ளை கையில் போனைக் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

மாம்பழத்துக்கு வருகிறேன், நீங்களே அதை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். சித்திரை, வைகாசியில் கடையில் பழுத்த பழமாக வாங்காமல் முற்றிய காயாக ஒரு கூடை வாங்குங்கள். மல்கோவாவோ, இமாம்பசந்தோ, சேலம் குண்டோ, கைக்கு எட்டியது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. வீட்டில் வைக்கோல் பரப்பிப் பழுக்க வைத்தால் அந்தப் பயமும் இல்லை. வைக்கோலுக்கு எங்கே போவது என்றால் அரிசி டிரம்மே போதும். தினம் சாயங்காலம் கூடையைப் புரட்டிப் பார்ப்பது பையனும் பெண்ணும் சேர்ந்து செய்யும் வேலை. காம்புப் பக்கம் முகர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இன்னிக்கு ஒண்ணும் இல்லை, நாளைக்கு ரெண்டு, அதற்கு மறுநாள் ஏழெட்டு என்று ஒன்றாகப் பழுக்கும், வீட்டில் அவ்வளவையும் தின்ன முடியாது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கொடுத்தனுப்பும்போது எந்தப் பழம் போகிறது? கரும்புள்ளி விழுந்ததை ஒதுக்கி அவர்களுக்கும், நல்லதை நமக்கும் என்று பிரித்தால், பகிர்தல் என்றால் மிச்சத்தைக் கழிப்பது என்று பிள்ளைகள் அந்த நிமிஷமே புரிந்துகொள்வார்கள். நல்ல பழத்தைக் கொடுத்தனுப்புங்கள். புள்ளி விழுந்ததை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பையன் கையாலேயே துண்டு போடச் சொல்லுங்கள். வெட்டுகிறவன் கடைசியாக எடுக்க வேண்டும், இது எங்கள் வீட்டுச் சட்டம். துண்டுகள் எவ்வளவு சமமாக விழுகின்றன என்று பாருங்கள், தராசு தோற்றுவிடும்.

பொறுமை பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று சொல்பவர்கள் முதலில் தங்கள் வாக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் சக ஆய்வாளர்களும் செய்த ஒரு சோதனை 2013-இல் வெளியானது. குழந்தைகளிடம் “இரு, நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார், மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து “இல்லை” என்றார். அதன் பிறகு ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, தின்னாமல் கால் மணி நேரம் காத்திருந்தால் இன்னொன்று என்றார்கள். வாக்குத் தவறாதவரைக் கண்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷக் குழந்தைகள் செய்தது புத்திசாலித்தனம், வராத மிட்டாய்க்கு யார் காத்திருப்பார்கள்? “ஞாயித்துக்கெழம குரும்பப்பட்டி ஜூவுக்குப் போலாம்” என்று சொன்னால் போய்விடுங்கள். முடியாது என்று தோன்றினால் சொல்லாதீர்கள்.

ஏற்காட்டுக்கு நீங்கள் எப்படியும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போவீர்கள், சேலத்துக்காரர்கள் வேறெங்கே போவது? அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பின் சீட்டுப் பிள்ளைகள் கற்பதை ஒரு வருஷ வகுப்பில் கற்க முடியாது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. வளைவில் பஸ் ஏறி வருகிறது, அப்பா மேலேயே நிறுத்திக் காத்திருக்கிறார், பஸ் டிரைவர் கை தூக்கிவிட்டுப் போகிறார். “ஏம்ப்பா நின்ன?” என்று கேட்பான். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: ஏறுகிற வண்டியை நடுவில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது கஷ்டம். காரணம் அவ்வளவு எளிது, அதனால்தான் மனதில் நிற்கும். மாறாக, ஹாரன் அடித்துக்கொண்டே குறுக்கே புகுந்தால் அதுவும் நிற்கும்.

மேலே போனதும் குரங்குக்குச் சிப்ஸ் போடாமல் இருப்பது, கொண்டுபோன குப்பையைக் கீழே திரும்பக் கொண்டுவருவது எல்லாம் தெரிந்ததுதான், நீட்டவில்லை. இன்னொன்று எனக்கு உறுத்தும். ஓட்டலில் கேட்ட விலைக்குச் சாப்பிட்டுவிட்டு டிப்ஸும் வைத்துவிட்டு வந்து, ரோட்டோரம் மிளகும் பலாச்சுளையும் விற்கும் மலைக்காரப் பாட்டியிடம் பத்து ரூபாய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறோம். பக்கத்தில் பிள்ளை நிற்கிறது. யாரிடம் பணிய வேண்டும், யாரிடம் குரல் உயர்த்தலாம் என்பதை அது அங்கே குறித்துக்கொள்கிறது.

ஆடி மாதம் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பையன் கையில் கரண்டியைக் கொடுங்கள். எதிரில் நிற்பவர் யாரென்று பார்க்காமல், எல்லோருக்கும் ஒரே அளவு. இதைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

பட்டறை, தறி, கடை வைத்திருப்பவர்களுக்காக இடையில் ஒரு எச்சரிக்கை. பிள்ளைக்கு வேலை கொடுங்கள் என்று நான் சொல்வது வீட்டு வேலையை. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டப்படி பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் எந்த வேலைக்கும் வைக்க முடியாது. குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்ற விலக்கும் பள்ளி நேரத்துக்கு வெளியே, ஆபத்தில்லாத வேலைக்கு மட்டும்தான். கொலுசுப் பட்டறையில் நெருப்பும் அமிலமும் புழங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைக்கு என்ன வேலை? பட்டறை வேலை முடிந்து மாடிக்கு வந்த அப்பாவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கட்டும், போதும்.

குடும்பக் கதைகளை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் 2001 வாக்கில் இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் என்ன கஷ்டம் வந்தது என்பது மாதிரி. நிறையப் பதில் தெரிந்த பிள்ளைகள் தங்களைப் பற்றி நல்ல எண்ணமும், வந்ததைச் சமாளிக்கலாம் என்ற தெம்பும் உள்ளவர்களாக இருந்தார்கள். உடனே இருபது கேள்வியையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்திலும் பயணத்திலும் பேசிப் பேசி வந்த பதில்தான் பலன் தரும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் கதைக்கு என்ன பஞ்சம்! 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது ஊரோடு பெயர்ந்தவர்கள் எத்தனையோ குடும்பங்கள். நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலை காட்டும். உங்கள் கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவராக இருக்கலாம், பஞ்சத்தில் தறியை விற்றவராக இருக்கலாம். ஜெயித்த கதையை மட்டும் சொல்லாமல் கடை நட்டத்தில் மூடியதையும், கூட்டாளி கைவிட்டதையும், அப்போது அரிசி கடன் கொடுத்தவர் யார் என்பதையும் சொல்லுங்கள்.

அந்தக் கதைகளெல்லாம் உங்கள் மாமியாரிடம் இருக்கின்றன, உங்களுக்கு வரப்போகும் எதிர்ப்பும் அவரிடமிருந்துதான். “ஆம்பளப் பையன தட்டு வெக்கச் சொல்றியே, நான் இல்லையா?” என்று அவரே எழுந்து எடுத்து வைத்துவிடுவார். பிள்ளைகள் முன்னால் அவரோடு வாதம் வேண்டாம். பெரியவரை மதிப்பது எப்படி என்று அதிலும் ஒரு பாடம் போய்விடும். உங்கள் கணவர் தனியாகச் சொல்லட்டும், அவர் அம்மாவிடம் அவர் சொன்னால் எடுபடும். பையனை மாமியாரின் கைவேலைக்கு உதவியாளாக அனுப்புங்கள். சாயங்காலம் ஆயா கீரை ஆய்கிறார், பூண்டு உரிக்கிறார், குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவுகிறார். “ஆயாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீ போய்க் கீரைல பூச்சி இருக்கான்னு பாத்துக் குடு” என்று சொல்லுங்கள். வேலையும் நிஜம், தேவையும் நிஜம். ஆயாவும் பேரனுக்கு வேலை வைப்பதாக நினைக்க மாட்டார், பேச்சுத்துணை கிடைத்ததாக நினைப்பார். தட்டு வைக்கிற விஷயத்தை அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்துத் தொடங்கினால்கூடப் போதும்.